தராசுக்காரன் எழுதிய விமர்சனத்துக்கு ஒரு திருத்தம்

என் பாசமுள்ள அண்ணனுக்கு, ஃபோரத்தார் அத்தனை பேருக்கும் தராசுக்காரனாக இருந்தவனுக்கு,

உன் தங்கச்சி மேரி எழுதுகிறேன். முதலில் உட்கார்ந்துகொள். நீ இருக்கும் இடத்தில் நாற்காலி உண்டா என்று தெரியாது, இல்லையென்றால் நின்றுகொண்டே கேள். நீ எழுதியதிலேயே பேர்போன விமர்சனம் தப்பு என்று ஊரறியச் சொல்லிவிட்டேன். ஆதாரத்தோடு, படத்தோடு, நீ எழுதிய அதே ஃபோரத்தில், உன் எழுத்துக்கு நேர் கீழேயே போட்டிருக்கிறேன். கோபம் வந்தால் வரட்டும். நீ கோபப்பட்டு ஒன்றேகால் வருஷமாகிறது. அது இல்லாமல் எனக்கும் என்னவோ போலத்தான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தையும் அங்கேதான் போடப்போகிறேன். ஆகையால் உனக்குத் தெரிந்த சிலதை உனக்கே சொல்வேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்காகப் பொறுத்துக்கொள். நீ கடைத் தராசு ரிப்பேர் பார்த்தவன். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் எந்த எலெக்ட்ரானிக் தராசு மக்கர் பண்ணினாலும் உன் போன்தான் அடிக்கும். வேலை அது, ஆசை ஏர் ரைஃபிள். வீட்டுக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவில் பத்து மீட்டர் அளந்து, மணல் அடைத்த பெட்டியின் முன் அட்டையை ஒட்டி, ஈயக் குண்டால் சுடுவாய். காக்கை குருவியை நோக்கி ஒருநாளும் நீ துப்பாக்கியைத் தூக்கியதில்லை. காகிதம்தான் உனக்கு எதிரி.

அதோடு நிறுத்தியிருந்தால் நீயும் மற்ற மனிதர்களைப் போல இருந்திருப்பாய். சுட்டதை எழுதவும் செய்தாய். எந்தக் குண்டு நேராகப் போகிறது, எந்தத் தொலைநோக்கி ஒரு மாதத்தில் ஆட்டம் காண்கிறது, எந்த உறை மழையில் பூஞ்சை பிடிக்கிறது என்று பொழுதுபோக்காகச் சுடுகிறவர்கள் கூடும் அந்த ஃபோரத்தில் ஒன்று விடாமல் எழுதினாய். நகைக்கடைத் தராசில் ஒவ்வொரு குண்டாக நிறுத்துப் பார்த்து எழுதுகிற ஆள் வேறு யார் இருந்தார்கள்? தராசுக்காரன் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நாம் விளையாடிய விளையாட்டு ஞாபகமிருக்கிறதா? நான் விற்பனைத் தளங்களில் இருந்து ஒரு விமர்சனத்தை எடுத்து உரக்கப் படிப்பேன், அது சொந்தமாக வாங்கியவன் எழுதியதா, ஓசியில் வாங்கியவன் எழுதியதா என்று நீ சொல்ல வேண்டும். "அருமையான பொருள், அனைவரும் வாங்கலாம்" என்று படித்தாலே, "ஓசி" என்பாய். "பெட்டியப் பிரிக்கவே இல்லடி அவன்" என்பாய். யாராவது, "எல்லாம் சரி, ஆனா போல்ட்டு கைய வெட்டுது, இடதுகைக்காரங்க வாங்காதீங்க" என்று எழுதியிருந்தால் உன் முகம் மலர்ந்துவிடும். இவன் நம்ம ஆளு என்று அவனுக்கு உடனே ஒரு பதில் போடுவாய். ஊர் பேர் தெரியாத எத்தனை பேர் அப்படி நமக்கு உறவாகிவிட்டார்கள்.

உன் விமர்சனத்துக்கென்று சில சட்டங்கள் வைத்திருந்தாய். சொந்தமாக வாங்கிய பொருளாக இருக்க வேண்டும், அட்டையை வெட்டாமல் முழுசாகப் படம் எடுக்க வேண்டும். அப்புறம் அந்தக் கிறுக்குத்தனமான சாட்சிக் கையெழுத்து. துப்பாக்கியில் துளியும் ஆசையில்லாத ஒரு ஆள் ஓட்டைகளை எண்ணிப் பார்த்து அட்டையின் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஆசைப்பட்டவன் கண்ணுக்கு எல்லா ஓட்டையும் நடுவில்தான் தெரியும் என்பது உன் கட்சி. அந்த ஆசையில்லாத ஆள் நான். ஆலங்குடியில் என் இ-சேவைக் கடையைத் திறக்கப் போகிற வழியில் ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போவேன். உன் சட்டம் ஃபோரத்துக்கே சட்டமாகி, திருநெல்வேலியில் ஒருவர் மாமியாரிடமும் ஓசூரில் ஒருவர் வீட்டுக்காரரிடமும் கையெழுத்து வாங்கிப் போட ஆரம்பித்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேப்பங்கொட்டை விமர்சனம். மூன்று வருஷம் முந்திய கிறிஸ்துமஸ் நேரம். ஒரு புருஷன் பெண்டாட்டி சேர்ந்து சின்ன அளவில் ஈயக் குண்டு தயாரித்து விற்க ஆரம்பித்திருந்தார்கள். மஞ்சள் மூடி போட்ட டப்பா. நீ ஒன்று வாங்கிச் சுட்டாய். பத்துக் குண்டும் பத்துத் திசையில் போயின, அதிலும் பாதி தரையைப் பார்த்துப் போயின. "இந்த டப்பாவை வாங்குவதற்கு வேப்பங்கொட்டையை வைத்துச் சுடலாம், அதுவாவது மரமாகும்" என்று எழுதினாய். ஃபோரமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த அட்டையிலும் என் கையெழுத்து இருக்கிறது.

அதற்குப் பிறகு மஞ்சள் மூடி என்று யாராவது கேட்டால் போதும், பத்துப் பேர் வேப்பங்கொட்டை என்று பதில் போட்டார்கள். ஒருத்தரும் வாங்கிப் பார்க்கவில்லை. தராசுக்காரன் சொன்னால் சொன்னதுதான்.

நீ போன பிறகு உன் துப்பாக்கி மூன்று மாதம் அலமாரியிலேயே கிடந்தது. நெஞ்சு எரிகிறது, சோடா வாங்கி வா என்று சொல்லிவிட்டு, சோடா வருவதற்குள் போய்விட்ட ஆள் நீ. அந்த மூன்று மாதமும் எனக்கு உன்மேல் கோபம் தவிர வேறொன்றும் வரவில்லை. ஃபோரத்தார்தான் ஆறுதல் சொல்லிச் சொல்லிக் கடைசியில், "நீங்க சுட்டு எழுதுங்களேன் அக்கா" என்று வந்து நின்றார்கள். ஆசையே இல்லாதவள் எடுத்தேன். இப்போது ஆசை வந்துவிட்டது, அதனால் சாட்சி வேலைக்கு லாயக்கில்லாமல் போனேன். மதினிதான் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்கள் எண்ணுகிற அழகைப் பார்க்க வேண்டுமே, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்துத்தான் எண்ணுவார்கள்.

இந்த மார்கழியில் முருகேசன் என்று ஒருவர் ஃபோரத்தில் புதிதாகச் சேர்ந்தார். கறம்பக்குடிப் பக்கம் டூவீலர் மெக்கானிக், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். வந்த மூன்றாம் நாளே மஞ்சள் மூடி டப்பா தனக்கு நன்றாகச் சுடுகிறது என்று எழுதினார். முழு அட்டை, சாட்சிக் கையெழுத்து எல்லாம் இருந்தது. சும்மா விடுவோமா? ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டோம். தராசுக்காரனை விட உனக்குத் தெரியுமா என்று ஒருத்தர் கேட்டார். கம்பெனி ஆளா நீ என்று இன்னொருத்தர். "தம்பி, என் அண்ணன் ஒவ்வொரு குண்டையும் நிறுத்துப் பார்த்து எழுதினவன், அவசரப்பட்டு எழுதாதீங்க" என்று நானும் என் பங்குக்கு ஒரு குட்டு வைத்தேன்.

அவர் போட்ட பதில் இதுதான். "அக்கா, அண்ணன் சுட்டது அப்படிப் போயிருக்கு. நான் சுட்டது இப்படிப் போகுது. ரெண்டும் உண்மைன்னா நடுவுல ஏதோ ஒண்ணு இருக்கணும்ல? அதத்தான் கேக்குறேன்."

எனக்குச் சுருக்கென்றது. பேச்சு முழுக்க உன் பேச்சு மாதிரியே இருந்தது.

உன் அலமாரியில் அந்த டப்பா பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பிடிக்காத பொருளையும் தூக்கிப் போடாத கஞ்சன் நீ, உனக்குக் கோடிப் புண்ணியம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசைக்குப் போய்வந்து சாப்பிட்ட பிறகு, மணல் சாக்கின்மேல் துப்பாக்கியை வைத்துப் பத்துக் குண்டு சுட்டேன். அட்டையைப் போய்ப் பார்த்தால் பத்தும் ஓர் எட்டணாக் காசுக்குள் அடங்கியிருக்கிறது. இன்னொரு அட்டை மாட்டினேன். அதுவும் அப்படியே. 

அப்போதும் உன்னை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. நீ விடியலில்தானே சுடுவாய், மார்க்கெட்டுக்குப் போகுமுன்? அதே மாதிரி பார்ப்போம் என்று மறுநாள் ஆறு மணிக்கே போனேன். பனி கொட்டுகிறது, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுட்டேன். பத்துக் குண்டும் பத்துத் திசை. பாதி தரையைப் பார்த்து. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! அண்ணன் சொன்னதுதான் சரி என்று ஒரு குதி குதித்தேன். குதித்த கையோடு, துப்பாக்கிக்கு எண்ணெய் போடலாம் என்று உன் டூல் பெட்டியில் இருந்த டானிக் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. வெள்ளையாக உறைந்து கிடந்தது.

முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

அண்ணே, நீயும் நானும் அந்தப் பாட்டிலில் இருப்பது மிஷின் எண்ணெய் என்றே நினைத்து வருஷக்கணக்கில் குழலுக்கும் ஸ்பிரிங்குக்கும் போட்டிருக்கிறோம். பனி விட்டதும் உருகிவிடும், நமக்கும் சந்தேகம் வராது. வாசனை தெரியவில்லையா என்று யாராவது கேட்பார்கள். நம் வீட்டில் எதில்தான் தேங்காய் எண்ணெய் வாசனை இல்லை? தலையணை, சீப்பு, வேதாகமத்தின் அட்டை வரைக்கும் அந்த வாசனைதான். மார்கழி விடியலில் தலைக்கு எண்ணெய் வைக்க பாட்டிலை வெயிலில் வைத்து உருக்குகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு, துப்பாக்கிக்குள்ளேயும் அது உறையும் என்று தோன்றவில்லை பார்.

பாட்டிலோடு சமையல்கட்டுக்குப் போனேன். மதினி முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மதினி, இதுல என்ன எண்ணெ?"

"தேங்கா எண்ணெதான். ஏன்? ஒங்க அண்ணே மிஷின் எண்ணெ கேட்டாக. அது தீந்துபோச்சு. எண்ணெதானேன்னு இத ஊத்தி வச்சேன்."

"எப்ப மதினி?"

"அந்த வருசம் அதிரசம் கல்லு மாதிரி வந்துச்சுல்ல, அந்தக் கிறிஸ்மசுக்கு."

வேப்பங்கொட்டைக் கிறிஸ்துமஸ். ஓடிப்போய் உன் பழைய அட்டைக் கட்டைப் பிரித்தேன். அட்டையின் மூலையில் நேரம் எழுதும் பழக்கம் உனக்கு. அதுவே உன்னைக் காட்டிக்கொடுத்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக உன் வழக்கமான குண்டை ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்குச் சுட்டிருக்கிறாய், அழகாகப் போயிருக்கிறது. மஞ்சள் மூடியைத் திங்கள் காலை ஆறு மணிக்குச் சுட்டிருக்கிறாய். தப்பு குண்டில் இல்லை, குளிரில். "பனி நேரத்துல தராசு பொய் சொல்லும், பத்து நிமிசம் சூடாகட்டும்" என்று ஊரெல்லாம் கடைக்காரர்களுக்குப் பாடம் எடுத்த மனிதன் நீ. ஊருக்குத்தான் உபதேசமா?

சிரிப்பாகத்தான் வந்தது. ஆனால் சிரிப்பு அன்று மத்தியானம் வரைக்கும் தாங்கவில்லை. நீ இருந்திருந்தால் உன்னைக் கேலி செய்துவிட்டுப் போயிருப்பேன், நீ எழுதித் திருத்தியிருப்பாய். இப்போது எழுதவேண்டியவள் நான். எழுதினால், உன்னிடம் மிச்சமிருக்கிற ஒரே சொத்தான தராசுக்காரன் என்ற பெயரில் கறை. எழுதாவிட்டால், எங்கேயோ இருக்கிற ஒரு புருஷன் பெண்டாட்டியின் உழைப்புக்கு நாம் ஒட்டிய வேப்பங்கொட்டை அப்படியே நிற்கும். அதில் என் கையெழுத்தும் நிற்கும். மூன்று நாள் கடையில் அடுத்தவர்களின் விண்ணப்பங்களைத் தட்டிக்கொண்டே இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருமானச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தோணி என்று உன் பெயரை அடித்துவிட்டேன், அந்த ஆள் என்னை முறைத்தார்.

மதினியிடம் சொன்னபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"செத்துப்போன மனுசன் பேரக் கெடுக்கவா நீ மெனக்கெட்டு விடியக்காலையில வந்து சுடுற? அவுக வந்து பதில் சொல்ல முடியுமா?"

"அதுனாலதான் மதினி நான் சொல்லணும்ங்கிறேன்."

"ஒண்ணுஞ் சொல்ல வேணாம். போ அங்கிட்டு."

போனேன். ஆனால் சும்மா போகவில்லை. முருகேசனுக்குப் போன் போட்டு, முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு வீடியோ காலில் அவர் சொல்லச் சொல்லத் துப்பாக்கியைப் பிரித்தேன். "அக்கா, ஸ்பிரிங் பாயும், மூஞ்சிய இங்கிட்டு வைக்காதீங்க" என்று அவர் அங்கேயிருந்து கத்துகிறார். உள்ளே பார்த்தால் மெழுகு அப்பியது மாதிரி இருந்தது. மூன்று பழைய வேட்டித் துணி கறுப்பாகும்வரை துடைத்தோம். சரியான எண்ணெயை, சரியான இடத்தில், ஒரே ஒரு சொட்டு விட்டுப் பூட்டினோம். அவருடைய வீட்டுக்காரம்மா பின்னாலிருந்து, "வண்டி ஒண்ணு வந்து நிக்குது, இவரு யாருக்கோ துப்பாக்கி கழட்டுறாரு" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

மறுநாள் காலை ஆறு மணி. அதே பனி, அதே மஞ்சள் மூடி. துப்பாக்கியைத் தூக்கினேன், சுடாமல் கீழே வைத்தேன். ஆசைப்பட்டவள் சுடக்கூடாது என்று அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது. நன்றாகப் போக வேண்டுமா, மோசமாகப் போக வேண்டுமா என்று என் மனசுக்கே தெரியவில்லை.

மதினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன நினைத்தார்களோ, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்து, "தள்ளு, நான் சுடுறேன்" என்றார்கள்.

நீ இருபது வருஷம் அந்த வீட்டில் சுட்டாய். ஒரு நாளாவது, நீயும் ஒரு குண்டு சுட்டுப் பார் என்று அவர்களிடம் சொன்னாயா? சாக்கில் துப்பாக்கியை வைத்து, கன்னத்தை ஒட்டி, மூச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். "தெரியும், தெரியும், இருபது வருசமா ஜன்னல்ல பாக்குறேன்" என்றார்கள். பத்துக் குண்டு. அட்டையை எடுத்து வந்தோம். எட்டு ஓட்டை ஒன்றோடொன்று ஒட்டிப் பூப்போல இருந்தது, இரண்டு கொஞ்சம் விலகி. உன் அட்டைகளில் பாதி இந்த அழகுக்கு வராது, சொல்லிவிட்டேன்.

மதினி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு கதை சொன்னார்கள். கல்யாணமான புதுசில் உன்னோடு வல்லத்திராக்கோட்டைக்குப் போயிருந்தார்களாம். ஒரு மளிகைக் கடையில் தராசைச் சரிசெய்துவிட்டு பஸ் ஏறிய பிறகு, மட்டம் பார்க்க மறந்துவிட்டேன் என்று பாதி வழியில் இறங்கி, புதுப் பெண்டாட்டியை வெயிலில் நடத்திக்கொண்டு திரும்பப் போனாயாம். கடை நிறைய ஆள். அத்தனை பேர் முன்னால் தராசு தப்பாக இருக்கிறது, என் பிழை என்று சொன்னாயாம்.

"கடைக்காரருக்குக் கோவம் வந்துருச்சு. எல்லாரும் இருக்கையில இத ஏன்யா சொல்றன்னாரு. எல்லாரும் இருக்கையிலதானண்ணே நிறுத்துக் குடுத்தீங்கன்னு ஒங்க அண்ணே சொன்னாக."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு, "எழுதும்மா. எண்ணெ ஊத்துனது பிலோமினான்னு பேரு போட்டே எழுது. அவுக எழுதுனதுல ஒரு எடத்துலயாச்சும் என் பேரு வரட்டும்" என்றார்கள்.

இரண்டு பேரும் அட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதோம். அழுதுகொண்டே சிரித்தோம். அடுப்பில் முறுக்கு கருகியது.

அன்றே எழுதினேன். நீட்டி முழக்கவில்லை. மஞ்சள் மூடி டப்பாவைப் பற்றி மூன்று வருஷம் முன்பு இங்கே வந்த விமர்சனம் தவறு, குண்டில் குறையில்லை, எங்கள் துப்பாக்கியில் தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தது, சுட்டவர் தராசுக்காரன், சாட்சி நான், எண்ணெய் ஊற்றியவர் பிலோமினா, கண்டுபிடிக்க வைத்தவர் முருகேசன், எங்கள் வீட்டு மூவர் சார்பிலும் மன்னிப்புக் கேட்கிறேன். கீழே நான்கு அட்டைகள், நேரத்தோடு, வெட்டாமல்.

அரைநாள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடையில் வந்தவர்களுக்கு ஆதார் திருத்தம் போட்டுக்கொண்டே ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்தேன். உன் பெயரை நானே குழி தோண்டிப் புதைத்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

சாயங்காலம் ஓசூர்க்காரர் எழுதினார். தான் ஒரு தொலைநோக்கி மங்கலாகத் தெரிகிறது என்று போன வருஷம் எழுதியது தப்பு, அன்று போட்டிருந்தது வீட்டுக்காரரின் வாசிப்புக் கண்ணாடி என்று. (ஓசூர்க்காரர் அவர் இல்லை, அவள் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கையெழுத்துப் போட்ட வீட்டுக்காரர் என்று பார்த்தபோதே யோசித்திருக்க வேண்டும்.) அடுத்து திருநெல்வேலிக்காரர், மின்விசிறியை ஓடவிட்டுக்கொண்டு அட்டைத் தாங்கி ஆடுகிறது என்று திட்டியதை ஒப்புக்கொண்டார், அதுவும் மாமியார் கட்டாயப்படுத்தியதால். பிறகு மடை திறந்துவிட்டது. துப்பாக்கியின் குறிமுள்ளைத் தலைகீழாக மாட்டியவர், குண்டையே திருப்பிப் போட்டுச் சுட்டவர் என்று வரிசையாக வந்து நின்றார்கள். இப்படி ஒரு சிரிப்பை அந்த ஃபோரத்தில் நான் பார்த்ததில்லை. தன் விமர்சனத்தைத் தானே திருத்துவதற்கென்று இப்போது தனியாக ஒரு பகுதியே திறந்திருக்கிறார்கள். முதல் பதிவு உன்னுடையது. உன்னைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லவில்லை, அண்ணே. நான்தான் வீணாகப் பயந்தேன்.

இரண்டாம் நாள் அந்தக் குண்டு தயாரிக்கும் அம்மாவிடமிருந்து போன் வந்தது. ஃபோரத்தில் தேடி நம்பர் வாங்கியிருக்கிறார்.

"நீங்க எழுதினதப் படிச்சேங்க. அப்ப அந்த வேப்பங்கொட்டையப் படிச்சுட்டு நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம். நல்லாத்தான் எழுதியிருக்காருன்னாரு எங்க வீட்டுக்காரரு. சாயங்காலம் நான் மட்டும் உக்காந்து அழுதேன்."

 மன்னிச்சுக்குங்க என்று மட்டும் சொன்னேன்.

"அண்ணன்கிட்ட ஒரு நிமிசம் குடுங்களேன், பேசணும்."

சொன்னேன். நீ போய் ஒன்றேகால் வருஷமாகிறது என்று. பிறகு கேட்டார்: "அப்ப யாரு சொல்லி நீங்க இத எழுதுனீங்க?"

"யாருஞ் சொல்லலைங்க. அவன் இருந்தா அவனே எழுதியிருப்பான்."

அப்படித்தானே, அண்ணே? எழுதியிருப்பாய்தானே? கொஞ்சம் குதித்திருப்பாய், மதினியை இரண்டு சத்தம் போட்டிருப்பாய், சாப்பிடாமல் மார்க்கெட்டுக்குப் போயிருப்பாய். ஆனால் சாயங்காலம் வந்து எழுதியிருப்பாய்.

புது டப்பா ஒன்று அனுப்பி வைக்கிறேன் என்றார். ஓசியில் வாங்குவதில்லைங்க, நாங்களே வாங்கிக்கிறோம் என்றேன். சிரித்தார். "குறை இருந்தா எழுதுங்க. அண்ணன் மாதிரியே எழுதுங்க. கொட்டைய மட்டும் விட்டுருங்க" என்றார்.

ஃபோரத்தை நடத்துகிறவர் பழைய விமர்சனத்தை எடுத்துவிடலாமா என்று என்னிடம் கேட்டார், உன் மரியாதைக்காக. வேண்டாம் என்றுவிட்டேன். அது அங்கேயே இருக்கட்டும், உன் கையெழுத்தோடும் என் கையெழுத்தோடும். கீழே திருத்தம் இருக்கிறது. படிக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் படிக்கட்டும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணே. புது டப்பா வந்ததும் விடியலிலும் சுடுவோம், மத்தியானத்திலும் சுடுவோம். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று எழுதுவேன். இல்லையென்றால், அந்த அம்மா அழுதார் என்பதற்காக ஒரு வார்த்தை கூட்டி எழுத மாட்டேன். உன்னைப் பற்றி யார் கேட்டாலும் அப்படியேதான் சொல்வேன். செத்தவர்களைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல வேண்டும் என்பார்கள், என்னால் ஆகாது. நீ அவசரக்காரன், முன்கோபக்காரன், கட்டியவளை ஒரு வார்த்தை பாராட்டாதவன், ஒரு தடவை தப்பாகச் சுட்டு இரண்டு பேரின் பிழைப்பில் கைவைத்தவன். எல்லாவற்றையும் சொல்வேன். சொல்லி முடித்த பிறகும், நம்பி வாங்கலாம் என்று ஒரு மனிதனைக் காட்டச் சொன்னால், உன்னைத்தான் காட்டுவேன்.

இப்படிக்கு,
உன் தப்புக்கும் சேர்த்து உடன்பிறந்தவள்,
தங்கச்சி மேரி